நூற்றுப் பன்னிரண்டுக்கு அடுத்த பக்கம்

பார்சல் வந்து சேருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் அதன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து எனக்கு ஒரு புத்தகம் வரப்போகிறது, படித்துவிட்டு இன்னொரு நாட்டுக்கு நான் அனுப்ப வேண்டும் என்று சொன்னதும், என் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவர். மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லாதவர்.

"யாருன்னே தெரியாத ஆளுக அட்ரஸ் கேட்டாக, நீயும் குடுத்துட்ட. உள்ள எதையாச்சும் வச்சு அனுப்புனா கோர்ட்டுக்கு யாரு அலையறது?" என்றார்.

பார்சலின் பெயரைச் சொல்லி போனில் மிரட்டும் கும்பலைப் பற்றித் தினமும் செய்தி வருகிற காலம். அவரைக் குறை சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். வாட்ஸ்அப்பில் ஒரு வாசகர் குழுவில் இருந்தேன். உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் தமிழர்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. டொராண்டோவில் இருக்கும் ஒரு அம்மா குழுவை நடத்துகிறார். அவருடைய அப்பாவின் அலமாரியில் பழைய பயண நூல் ஒன்று இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பிறகு ரயிலும் லாரியுமாகக் கீழை நாடுகளைச் சுற்றி வந்த ஒருவர் எழுதியது. மறுபதிப்பு வரவில்லை, கடையில் கிடைக்காது. அந்த ஒரே பிரதியை எல்லோரும் மாற்றி மாற்றிப் படிப்பதென்று முடிவானது. ஆளுக்கு ஒரு மாதம். கூடவே ஒரு சின்ன நோட்டு. படித்தவர் அதில் ஒரு பக்கம் எழுதி அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். டொராண்டோ, லண்டன், ஆஸ்லோ, மலேசியாவின் ஈப்போ, அடுத்து விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கும் ஆமத்தூரில் நான். எனக்குப் பின்னால் டர்பனில் ஒருவர்.

நான் சிவகாசியில் காலண்டர், டைரி அச்சடிக்கும் ஆபீஸ் ஒன்றில் புரூப் பார்க்கிறேன். முகூர்த்த நாளும் அமாவாசையும் கட்டத்துக்குள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதே என் வேலை. படிக்கிற வேலைதான், ஆனால் படிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. அதனால்தான் அந்தப் புத்தகத்துக்காக நாலு மாதம் காத்திருந்தேன்.

பார்சல் வந்த அன்று நான் ஊரில் இல்லை. கணவர் வழி உறவில் ஒரு காதுகுத்துக்கு விருதுநகர் போனவள் இரண்டு நாள் தங்க வேண்டியதாகிவிட்டது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தது பக்கத்து வீட்டுப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்போது கம்பெனி மூடியிருந்ததால் வீட்டிலேயே வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டினாள். திரும்பி வந்ததும் பார்சலைக் கொண்டுவந்து கொடுத்து, "தூரத்துல இருந்து வந்துருக்கு போலக்கா, தபால்காரர் ரெண்டு தடவ பேரைக் கேட்டாரு" என்றாள்.

உறையின் ஒரு ஓரம் கிழிந்து, மேலே பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. கணவர் அதை வீட்டுக்குள் கொண்டுவர விடவில்லை. வாசலில் வைத்துத்தான் பிரித்தேன். பழைய காகித வாசனையோடு புத்தகமும் நோட்டும் இருந்தன. அவர் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்துவிட்டுத்தான் கையில் தந்தார்.

முதலில் நோட்டைப் படித்தேன். லண்டன்காரர் ஒரே மூச்சில் படித்ததாக எழுதியிருந்தார். ஆஸ்லோவில் இருப்பவர் ஒரு வரி விடாமல் படித்தாராம். ஈப்போவில் இருப்பவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், குழுவில் எல்லோரும் ஐயா என்று கூப்பிடுகிறவர். பினாங்கு அத்தியாயத்தில் தன் மண்ணை இத்தனை வருஷத்துக்கு முன்னால் ஒருவர் பார்த்து எழுதியிருப்பதைப் படித்துக் கண் கலங்கியதாக அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

ஐந்தாம் நாள் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்தேன். கப்பல் பினாங்கை நெருங்குகிறது. கரையில் விளக்குகள் தெரிகின்றன. எதிர்ப் பக்கத்தில் ஆசிரியர் பாங்காக் ரயிலில் உட்கார்ந்திருக்கிறார். பக்க எண்ணைப் பார்த்தேன். நூற்றுப் பதினேழு. பொருளடக்கத்தில் ‘பினாங்கில் நான்கு நாட்கள்’ என்று இருந்தது. அந்த அத்தியாயமே இல்லை. இரண்டு தாள்களைத் தையலை ஒட்டி யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

ஈப்போ ஐயாவுக்குத் தனியாக எழுதினேன். அவர்தான் தன் ஊர் ஞாபகமாக எடுத்து வைத்துக்கொண்டார் என்பது என் எண்ணம். அதை நேராகக் கேட்காமல், அனுப்பும்போது பக்கங்கள் சரியாக இருந்தனவா என்று மட்டும் கேட்டேன். அவர் குழுவிலேயே பதில் போட்டார். தான் முழுவதும் படித்ததாகவும், தன் கையை விட்டுப் போகும்போது புத்தகம் முழுமையாக இருந்ததாகவும், நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் மேல் இப்படி ஒரு கேள்வி வந்ததில் வருத்தம் என்றும்.

அதற்குப் பிறகு குழுவில் எனக்கு ஆதரவாக ஒரு வார்த்தை வரவில்லை. ஒருவர் மட்டும் சிரிப்புப் படம் போட்டு, சிவகாசிப் பக்கம் பழைய புத்தகத் தாளில்தானே வெடி சுருட்டுவார்கள் என்று எழுதினார். பதினோரு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள். டொராண்டோ அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று மட்டும் காட்டியது.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த வரி கோபத்தோடு நிற்கவில்லை, உள்ளே இறங்கியது. இரண்டு நாள் பார்சல் யாரிடம் இருந்தது? கிழிந்த உறைக்கு டேப் ஒட்டியது யார்? அவள் வீட்டில் என்ன வேலை நடக்கிறது? அதுவரை ஒருமுறைகூட எனக்குத் தோன்றாத கேள்விகள். இப்போது வரிசையாக வந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தயிர் வாங்குகிற சாக்கில் அவள் வீட்டுக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பழைய பாடப்புத்தகத் தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினேன். மழையைப் பற்றிப் பேசினேன். கண் மட்டும் அந்தக் கட்டுகளிலேயே இருந்தது. அவள் கையை நிறுத்திவிட்டாள்.

"என்னக்கா தேடுறீக?"

புத்தகத்தில் இரண்டு தாள் குறைகிறது, பார்சல் கிழிந்திருந்ததே, தவறி ஏதாவது இங்கே விழுந்ததா என்று கேட்டேன். தவறி என்ற வார்த்தையை இரண்டு தடவை சொன்னேன்.

அவள் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து எல்லாக் கட்டுகளையும் இழுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"பாத்துக்கோங்க. நீங்களே பாத்துட்டா உங்களுக்கும் நிம்மதி."

வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். நான் பார்த்தேன். அதை இங்கே எழுதாமல் விட்டால் இந்தப் பக்கங்களுக்கு அர்த்தமில்லை. குனிந்து உட்கார்ந்து, கணக்குப் பாடமும் அறிவியல் பாடமுமாக இருந்த தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். சுருட்டிவைத்த குழாய்களைக்கூட ஒன்றிரண்டு எடுத்து ஓரத்தில் தெரிந்த எழுத்தைப் பார்த்தேன். கடைசியில், "உறை வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு. நான் பிரிக்கக்கூட இல்ல" என்றாள். அக்கா என்ற சொல் அதில் இல்லை.

தயிர் வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். அப்போதும் சந்தேகம் போகவில்லை. சுருட்டி ஏற்கெனவே கம்பெனிக்குப் போயிருந்தால் எப்படித் தெரியும் என்று நினைத்தேன்.

மறுநாள் புத்தகத்தை ஆபீசுக்குக் கொண்டுபோனேன். பைண்டிங் பிரிவில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். ஆயிரக்கணக்கான டைரிகளைத் தைத்த கை. விடுபட்ட இடத்தை அவரிடம் காட்டி, நூலகம் எதிலாவது அந்தப் பக்கங்கள் கிடைத்து ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்தால் பிடிக்குமா என்று கேட்டேன். அவர் புத்தகத்தை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். பிறகு சில பக்கங்கள் தள்ளி, நூற்று இருபத்தைந்தை எடுத்து விரலால் நீவினார்.

"அம்மா, பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், ஒரே பெரிய தாளை மடிச்சுத் தைக்கிறது. முன்னால ரெண்டு தாளை வெட்டுனா பின்னால ரெண்டு தாளு கழண்டுரும். வெட்டுன ஆளு அதைப் பசை போட்டு ஒட்டியிருக்காரு. பசையைப் பாருங்க, தேன் நெறம். வெட்டுன ஓரமும் மத்த தாளு மாதிரியே பழுத்துக் கெடக்கு. இது நேத்து வெட்டுனது இல்ல. முப்பது வருசத்துக்குக் கொறையாது."

கேட்டுக்கொண்டே நின்றேன். முப்பது வருஷம் என்றால், புத்தகம் டொராண்டோவை விட்டுக் கிளம்பும்போதே அந்தப் பக்கங்கள் இல்லை. லண்டன்காரர் ஒரே மூச்சில் படித்தபோதும் இல்லை. ஆஸ்லோக்காரர் ஒரு வரி விடாமல் படித்தபோதும் இல்லை. ஈப்போ ஐயா, இல்லாத அத்தியாயத்தைப் படித்து அழுதிருக்கிறார். பொருளடக்கத்தில் பினாங்கு என்று இருந்தது, அது போதுமாக இருந்திருக்கிறது.

என் தொழிலில் பக்க எண் சரிபார்ப்பதுதான் அரிச்சுவடி. வெட்டின் ஓரத்தை ஒரு நிமிஷம் நிதானமாகப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நான் பார்த்தது பக்கத்து வீட்டுக் காகிதக் கட்டை.

அண்ணாச்சி காட்டிய இடங்களைப் படம் எடுத்து டொராண்டோ அம்மாவுக்குத் தனியாக அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை. பிறகு ஒரு குரல் செய்தி வந்தது. மெதுவான குரல். அது அவர் அப்பா வெட்டியதாம். ஏன் என்று சொல்ல விருப்பமில்லையாம். குழுவில் போட்டால் மற்றவர்கள் மனம் சங்கடப்படும், தயவுசெய்து வேண்டாம் என்றார். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு முறை சொன்னார்.

அதைப் பலமுறை கேட்டேன். அவருக்கு முதலிலிருந்தே தெரியும் என்று எனக்குப் படுகிறது. தெரிந்துகொண்டுதான் அனுப்பினாரா, யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்தாரா, அல்லது அப்பாவைப் பற்றிய ஏதோ ஒன்றை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தாரா? தெரியவில்லை. பினாங்கில் அந்த நாலு நாளில் என்ன நடந்தது என்பதும் தெரியவில்லை.

குழுவில் நான் ஒன்றும் போடவில்லை. ஆனால் நோட்டில் என் பக்கத்தில் இப்படி எழுதினேன்: ‘பக்கம் 113 முதல் 116 வரை இந்தப் பிரதியில் இல்லை. வெட்டு மிகப் பழையது. மற்ற பக்கங்கள் எல்லாவற்றையும் படித்தேன்.’ புத்தகத்தை டர்பனுக்கு அனுப்ப விருதுநகர் தபால் அலுவலகத்துக்குப் போனபோது, கவுண்டரில் இருந்தவர் முகவரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிவகாசிப் பக்கமா என்று கேட்டுவிட்டுப் பிரித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். வெடிமருந்து வாசனை வருகிறதா என்று முகர்ந்தும் பார்த்தார். அவர் வேலை அது. ஆனாலும் வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்தபோது என் முகம் சுட்டுக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். தாள் பழைய காலத்தில் வெட்டப்பட்டது, உன்மேல் சந்தேகப்பட்டது என் தப்பு என்று சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள்.

"கேட்டதுகூடப் பரவாயில்ல," என்றாள். "பாத்துக்கோங்கன்னு சொன்னேன்ல, அப்ப நீங்க பாக்க மாட்டீகன்னு நெனச்சேன்."

அவள் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. நானும் உள்ளே போகவில்லை.

தீபாவளி சீசனுக்குக் கம்பெனி திறந்ததும் அவள் மறுபடி விஸ்வநத்தம் போக ஆரம்பித்தாள். காலையில் பஸ் நிறுத்தத்தில் பார்க்கிறோம். பஸ் வர நேரமாகிறது என்பாள், ஆமாம் என்பேன். கூட்டமாக இருந்தால் என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். சிவகாசி வந்ததும் திருப்பித் தரும்போது, எல்லாம் இருக்கிறதா, பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். நான் பையைத் திறந்து பார்ப்பதில்லை.