சௌடையாவின் மீன் தொட்டித் தண்ணீர்

நூலுக்குக் கட்டுப்பாடு வந்த வருஷம், அருப்புக்கோட்டை நெசவாளர் சௌடையா நான்கு தங்கமீன்கள் வாங்கினார். கொழும்பிலிருந்து வீரசோழன் ஊருக்குத் திரும்பிய வியாபாரி ஒருவர் கண்ணாடித் தொட்டியோடு விற்றவை. சௌடையாவுக்கு மீன் மேல் ஆசை கிடையாது. ஆனால் நூல் பங்கீட்டு அதிகாரிக்கு வளர்ப்பு மீன் என்றால் உயிர் என்று கேள்வி. அவர் வெள்ளிக்கிழமை தறிகளைப் பார்வையிட வருகிறார். சௌடையாவின் ஆறு தறிகளில் நான்கு நூலில்லாமல் நின்றன. மீன் நீந்துவதைக் கண்டு அதிகாரியின் மனம் குளிர்ந்தால் பங்கு கூடும் என்று நம்பினார்.

தண்ணீர்தான் தகராறு. கிணறு உப்பு. கண்மாயோ கரிசல் மண் கலங்கல்; அதில் விட்டால் மீன் நான்கா இரண்டா என்று சத்தியம் செய்ய முடியாது. இருபது வருஷமாக அந்தக் கண்மாயில் குளித்தவருக்கு, மீன் வந்த பிறகுதான் அது கலங்கல் என்று பட்டது.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சண்முகவேல் பிளீச்சிங் பவுடரைச் சிபாரிசு செய்தார்.

“ஒரு சிட்டிகை போதும்ண்ணே. ஒரு கிருமி மிஞ்சாது.”

“மீனு மிஞ்சுமா?”

“அதை மீனுகிட்டத்தான் கேக்கணும்.”

மனைவி லிங்கம்மாள், “தேத்தாங்கொட்டைய உரசி விட்டா தெளிஞ்சிரும்ங்க. நாம அதைத்தான குடிக்கிறோம்?” என்றாள்.

“அது நம்மள மாதிரி ஆளுகளுக்கு. இது கொழும்பு மீனு.”

மூன்று பானை அடுக்கித் தண்ணீர் வடிகட்ட ஒரு தாங்கி வேண்டுமென்று லிங்கம்மாள் ஆறு வருஷமாகக் கேட்டுவந்தாள். மீன்களுக்கு அது திங்கட்கிழமை ஒரே நாளில் கிடைத்தது. மேல் பானையில் கரி, நடுப்பானையில் மணல், அடிப்பானை வாயில் துணி. பழந்துணி கட்டச் சௌடையா சம்மதிக்கவில்லை. தறியிலிருந்து அன்று அறுத்த புதுத் துண்டைக் கட்டினார்.

“நெருக்கத்தப் பாரு. காத்தே கேட்டுக்கிட்டுத்தான் நுழையணும்.”

வடிந்த தண்ணீரைத் தினமும் தொட்டியில் ஊற்றினார். செவ்வாய்க்கிழமை அது லேசாக வெளுத்தது. கரியை மாற்றினார். புதன்கிழமை பால்போலானது. மணலை மாற்றினார். துணியின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. நெய்ததை விற்றுத்தான் பழக்கம். துவைத்துப் பார்ப்பது வாங்கியவர் பாடு.

வியாழக்கிழமை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

“பசிக்குதோ?” என்றார்.

லிங்கம்மாள் தண்ணீரைத் தொட்டு விரலில் தேய்த்தாள். “பசியா? வயிறு முட்டக் கஞ்சில்ல குடிச்சிருக்கு! தறியில ஏத்துறதுக்கு முன்ன நம்ம பாவு நூலு வெறைக்கப் போடுற கஞ்சிங்க இது.”

“என் துணியில கஞ்சி வெளிய வராது.”

“அப்ப மீனுக நெய்யுதாக்கும்.”

அவள் நான்கையும் அள்ளித் தன் தேத்தாங்கொட்டைத் தண்ணீர்ப் பானையில் விட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் அவை துள்ளின.

அதிகாரி வந்தார். பானைக்குள் எட்டிப் பார்த்துச் சிறுபிள்ளைபோல் மகிழ்ந்தார்.

“இந்த ஊர்த் தண்ணியில எப்படிய்யா காப்பாத்துனீங்க?”

லிங்கம்மாளைப் பேசவிடாமல் சௌடையா மூன்று பானைகளைக் காட்டினார். அதிகாரி அடிப்பானைத் துணியை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தார். கஞ்சியெல்லாம் போய் அது கொசுவலையாகத் தொங்கியது. அதன் வழியே சௌடையாவின் முகம் மீசையோடு முழுசாகத் தெரிந்தது.

“இது யார் நெசவு?”

“நம்ம நெசவுதாங்க,” என்று பழக்கதோஷத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டார்.

“நூலே இல்லாம நெய்யத் தெரிஞ்சவருக்கு நூல் எதுக்கு?” என்ற அதிகாரி, இரண்டு தறிக்கு இருந்த பங்கை ஒன்றாகக் குறைத்து எழுதிவிட்டுப் போனார்.

அன்று மாலை லிங்கம்மாள் அடிப்பானை வாயில், துவைத்துத் துவைத்து நைந்த தன் பழைய சேலைத் துண்டைக் கட்டினாள். வீட்டுக்குக் குடிதண்ணீர் தெளிவாக இறங்கியது. மீன்கள் தேத்தாங்கொட்டைத் தண்ணீரிலேயே சௌக்கியமாக இருக்கின்றன. சௌடையா மட்டும் அந்தப் பக்கம் உட்காருவதில்லை. காலையில் கஞ்சி குடிக்கும்போது அவை தன்னையே பார்ப்பதாக அவருக்குத் தோன்றுகிறதாம்.