பேர் சொல்லிக் கூப்பிடாதவர்

பேத்துப்பாறைக் கிராமத்து மாடசாமி தோட்டக் கூலி. பூண்டு பிடுங்கவும் கேரட் கழுவவும் மலையில் ஆளுக்கா பஞ்சம்? ஆனால் பாறையிலிருந்து பள்ளத்தில் விழுந்தவர்களை மேலே கொண்டுவர அவரைப் போல நாலைந்து பேர்தான். செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்தால் பாறை என்ன மெத்தையா விரித்து வைத்திருக்கும்? போலீஸ்காரர்கள் மேலே நின்று கயிற்றைப் பிடிப்பார்கள். இவர் இறங்குவார்.

கீழே போனதும் உடம்பைத் தொடமாட்டார். முதலில் செத்தவரின் பேரைச் சொல்லி, "வாங்க, மேல போவோம்" என்று கூப்பிடுவார். அப்புறம்தான் கயிறு கட்டுவார். கூப்பிடாமல் தூக்கினால் உடம்புதான் வரும், ஆள் அங்கேயே தங்கிவிடும் என்பது பிணம் தூக்குகிறவர்களின் நம்பிக்கை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை விழுந்து கிடந்தது. யார் எவரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. மேலே நின்றவர்களைக் கேட்டார், கீழே நின்று யோசித்தார். மழை வேறு பிடித்துக்கொண்டது. தன் மகள் வயசுதான் இருக்கும் என்று அந்த முகத்தைப் பார்த்து நினைத்தாரோ இல்லையோ, "புவனா, வாம்மா" என்று வாய் சொல்லிவிட்டது. பாவி வாய்! புவனா அவர் பெற்ற மகளின் பேர்.

அந்தப் பிள்ளையைத் தேடிக் கடைசிவரை யாரும் வரவில்லை. உடம்பை மேலே கொண்டுவந்த அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று, "புவனா, தண்ணி கொண்டா" என்றார். உள்ளேயிருந்து மகள், "இந்தா வர்றேன்ப்பா" என்றாள். முதுகுக்குப் பின்னாலும் யாரோ "ம்" என்றது போலிருந்தது. திரும்பினால் யாருமில்லை. அன்றோடு அந்தப் பேரை விட்டார். "ஏ பிள்ளை", "பாப்பா" என்றே காலத்தை ஓட்டினார். காரணத்தைப் பெண்டாட்டி லெட்சுமியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அது நிசமாகிவிடும் என்று பயம்.

மகள் வேறு மாதிரி நினைத்தாள். அத்தை மகனைக் கட்டமாட்டேன், நர்ஸுக்குப் படிப்பேன் என்று அவள் பிடிவாதம் பிடித்ததும் அந்த வருஷம்தான். அந்தக் கோபத்தில் அப்பா தன் பேரையே வெறுத்துவிட்டார் என்று முடிவு கட்டினாள். படிப்பு முடிந்து, கோயம்புத்தூரில் வேலையும் கிடைத்து, திங்கட்கிழமை கிளம்பவேண்டும்.

"போறதுக்குள்ள ஒரு தடவையாச்சும் என்னப் பேரு சொல்லிக் கூப்பிடுவாராம்மா?" என்று தாயிடம் கேட்டாள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வெளியே சமைத்துச் சாப்பிடுவதென்று முடிவானது. பள்ளத்துக்கு மேலே இருக்கிற புல்வெளிதான் வேண்டும் என்றாள் புவனா. அந்தப் பெண்பிள்ளை கிடந்த பள்ளம் அது; மாடசாமிக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஊரைவிட்டுப் போகிற பிள்ளையிடம் எப்படி மாட்டேன் என்பது? சிநேகிதர் ராஜ்மோகன் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் மகள் சத்தியபிரியா புவனாவோடு படித்தவள்.

நல்ல வெயில். மூன்று கல் கூட்டி நாட்டுக்கோழிக் குழம்பு கொதித்தது. "தேத்தண்ணி ஊத்தட்டுமா?" என்றாள் லெட்சுமி. "சிலோனை விட்டு உங்க குடும்பம் வந்து அம்பது வருசம் ஆச்சு, உங்க வாயில இன்னும் டீங்கிற சொல்லு வரலையே தாயி" என்று ராஜ்மோகன் கிண்டலடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். மாடசாமி மட்டும் பள்ளத்துக்கு முதுகு காட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் சத்தியபிரியா விளிம்புப் பக்கம் போய், எதிரொலி கேட்கிற ஆசையில், இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள்.

"புவனாஆஆ!"

மலை வாங்கித் திருப்பிச் சொன்னது. மறுபடியும் சொன்னது.

"ஏய், வாய மூடு! அந்தப் பேரச் சொல்லாத!" மாடசாமி அலறிக்கொண்டு எழுந்தார். சோற்றுச் சட்டி உருண்டது. சத்தியபிரியாவுக்கு முகம் செத்துப்போனது.

புவனா அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். "என் பேரு உங்களுக்கு அவ்வளவு கசக்குதாப்பா? நான் அப்பிடி என்ன செஞ்சுட்டேன்?"

அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்ததைப் பார்த்ததும் மாடசாமி உடைந்துவிட்டார். மழை பெய்த அந்த நாளை, வாசலில் கேட்ட சத்தத்தை, எல்லாவற்றையும் அங்கேயே கொட்டினார். "நான் கூப்பிட்டு அவ திரும்பிட்டா? ஒன்னத் தொட்டுட்டா? அதான் புள்ள... வேற ஒண்ணுமில்ல."

லெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புவனாதான் முதலில் பேசினாள்.

"அவளுக்குன்னு ஒரு பேரு வைங்கப்பா. பாவம், தனக்குன்னு ஒண்ணு இருந்தா என் பேருக்குத் திரும்புவாளா? என் பேர எனக்குக் குடுத்துருங்க."

"ரோகிணின்னு வைங்க" என்றாள் லெட்சுமி. "ரெண்டாவது பொட்டப்புள்ள பொறந்தா வைக்கணும்னு இருந்தேன்."

மாடசாமி பள்ளத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "ரோகிணி, இதுதாம்மா ஒம் பேரு. இத எடுத்துக்கிட்டுப் போ தாயி. எம் மகள விட்டுரு." காற்று மரங்களை ஆட்டிவிட்டு அடங்கியது.

"இப்பக் கூப்பிடுங்க" என்றாள் புவனா.

எத்தனையோ பிணத்தைத் தோளில் சுமந்தவருக்கு நாக்கு எழவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "புவனா" என்றார்.

பதில் வரவில்லை. மகள் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். கண்ணை மூடியவருக்கு அது எப்படித் தெரியும்? முதுகுக்குப் பின்னால் அந்த "ம்" கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"என்னப்பா" என்றாள் புவனா.

அந்த ஒரு குரல்தான் கேட்டது. மாடசாமி புல்லில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.