துரைமார் கோயிலில் கேட்ட குரல்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, அன்றைக்கு எனக்குக் காய்ச்சலும் இல்லை, தூக்கக் கலக்கமும் இல்லை, பட்டப்பகல்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேட்டில் வெள்ளைக்காரத் துரைமார் சாமி கும்பிடக் கருங்கல்லில் ஒரு கோயில் கட்டினார்கள். நானும் என் அண்ணன் மனைவியான மைனியும் அங்கே சித்தாள் வேலை பார்த்தோம். பீடத்துக்கு முன்னால் உச்சி கூம்பி நிற்கிற பெரிய வளைவு, அதற்கு அடியில் மரச்சட்டம் முட்டுக்கொடுத்துக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புச் சாந்தைச் சாரத்தின் உச்சிவரை சுமக்க வேண்டும். அன்றைக்கு என் முறை.

“மைனி, முதுகு விண்ணுவிண்ணுன்னு தெறிக்கி. இந்த ஒரு சட்டிய நீங்க கொண்டு போறியளா?” என்றேன்.

“இங்க குடுட்டி. நீ செத்த உக்காரு.”

மழையில் ஊறியிருந்த சாரக்கயிறு அவிழ்ந்து, மைனி அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார். வாயில் தண்ணீர் விடக்கூட நேரமில்லை. அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

கோயில் முடிந்ததும் அதைக் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கே வந்தது. வளைவுக்குக் கீழே நின்று பேசினால் பேசியது அப்படியே திரும்பி வரும், கல்லில் பட்டு வருகிறது என்று கொத்தனார் சொல்லியிருந்தார், அதனால் பயமெல்லாம் கிடையாது. ஒரு மத்தியானம் வெளியே மஞ்சு இறங்கி மரங்களை மூடியிருந்தது, உள்ளே நான் மட்டும்தான். என்ன தோன்றியதோ, விளக்குமாற்றைப் போட்டுவிட்டு மேலே பார்த்து “மைனி” என்று கூப்பிட்டேன்.

என் குரல் திரும்பி வரவில்லை.

“முதுகுவலி கொறஞ்சுதாட்டி?” என்று கேட்டது. மைனியின் குரல்தான். கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அண்ணனிடம் சொன்னேன். “உன் மனசு கெடந்து அடிச்சுக்கிடுதும்மா” என்றான். அப்படியும் இருக்கலாம். ஆனால் இதற்கு என்ன சொல்வீர்கள், அன்றிலிருந்து அந்த வளைவுக்குக் கீழே என் குரல் மட்டும் திரும்பி வருவதே இல்லை. போன வாரம்கூட மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். “கொறஞ்சிட்டு மைனி” என்று சத்தமாகவே சொன்னேன். ஒரு சத்தமும் இல்லை. பக்கத்தில் நின்ற மகள் லேசாக இருமினாள். அந்த இருமல் திரும்பி வந்தது.