நான் இல்லாமல் நனைந்த படகு

பெங்களூரில் யாரிடமாவது தூத்துக்குடி என்று சொல்லிப் பாருங்கள். "அப்ப நல்லா நீச்சல் தெரியுமே?" என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். ஈஜிபுராவில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்தால்கூட என்னைத்தான் கூப்பிடுகிறார். கடல் ஊர்க்காரன் தண்ணீருக்குப் பயப்பட மாட்டானாம்! என் அப்பா கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா. எங்கள் வீட்டில் மீன்கூடச் சமைப்பதில்லை. கடலில் நான் குளித்ததே கிடையாது. சொன்னால் நம்புகிறார்களா? சிரிக்கிறார்கள். ஊரில் இருந்தவரை எனக்குக் கடல் ஒரு பொருட்டே இல்லை. இங்கே வந்த பிறகு அதை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ரமேஷும் அப்படித்தான் ஆரம்பித்தான். தொண்ணூறுகளின் நடுவில், பழைய மெட்ராஸ் ரோடு பக்கம் ஒரு சின்ன இயந்திரக் கம்பெனியில் நான் வரைபடம் போடுகிறவன், அவன் தரப் பரிசோதனையில். ஜோகுபாளையத்துத் தமிழன். அவன் தாத்தா காலத்திலேயே ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து ஊன்றிக்கொண்ட குடும்பம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பான், நடுவில் கொஞ்சம் உருதுவும் வரும். எதிரில் யார் நின்றாலும் அவனுக்கு 'குரு'தான். ஒருநாள் பழைய அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வந்த படகு வரைபடத்தின் ஜெராக்ஸை என் மேஜையில் போட்டான். "குரு, ப்ளைவுட்ல ஒரு போட் கட்லாமா? பாய் வச்சு ஓட்றது. நீ கடல்காரன், நான் லோக்கல். ரெண்டு பேரும் சேந்தா ஆவாதா?" என்றான். இந்த ஊரில் அதுவரை என்னை யாரும் எதிலும் சேர்த்துக்கொண்டதில்லை. 'சேந்தா' என்று அவன் சொன்னானே, அதற்குத்தான் நான் விழுந்தேன். படகுக்கு இல்லை.

ப்ளைவுட் கடையில் மரைன் ப்ளை கேட்டபோது கடைக்காரர், "சிங்க் கெளகடேனா?" என்று கேட்டார். சமையலறைத் தொட்டிக்குக் கீழே அலமாரி செய்யத்தான் இங்கே அதை வாங்குவார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் தோணி செய்ய என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ, ஸ்கூல் நாடகக்கா?" என்று தானே ஒரு முடிவுக்கு வந்து, நாடகத்துக்கு எதற்கு நல்ல பலகை, சாதாரணமே போதும் என்று மட்டமானதை எடுத்துப் போட ஆரம்பித்துவிட்டார். ரமேஷ் குறுக்கே வந்து கன்னடத்தில் ஏதோ சொன்ன பிறகுதான் சரியான பலகை வெளியே வந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இவன் கூட இருந்தால் இந்த ஊரில் எதுவும் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டிய இடம் ரமேஷ் வீட்டு ஷெட். அவர்கள் ஸ்கூட்டரை வெளியே தள்ளிவிட்டு எங்களுக்கு இடம் விட்டார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஞாயிறுதோறும் பஸ் மாறிப் போவேன். ஆணி, சட்டம் எல்லாம் இந்தப் படகுக்கு அதிகம் தேவையில்லை. பலகைகளை வளைவாக அறுத்து, ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, செம்புக் கம்பியால் துணி தைப்பதுபோல் ஒன்றோடொன்று தைக்க வேண்டும். பிறகு உள்ளே மூட்டு நெடுகக் கண்ணாடி இழை நாடாவை ஒட்டி எபாக்சி பசை பூசினால் இறுகிவிடும். இறுகினால்தானே! மார்கழிக் குளிரில் அது பஞ்சாமிர்தம் மாதிரியே கிடந்தது. ரமேஷின் அம்மா டேபிள் லாம்பைக் கொண்டுவந்து கொடுத்து, "கொழந்தைக்கு ஒத்தடம் குடுக்கற மாதிரி மெதுவா காட்டுங்கப்பா" என்றார்.

பின்பலகையில் நான் அடித்த கூத்து வேறு. நம் பாலிடெக்னிக்கில் ஒரு பொருளின் இடப்பக்கத் தோற்றத்தை வலப்பக்கம் வரையத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்கக்காரன் இடப்பக்கத்தை இடப்பக்கமே வரைந்துவிடுகிறான். தினமும் வரைபடத்திலேயே உழல்கிற நான், பழக்கதோஷத்தில் நம் முறைப்படி அதைப் படித்து, சரிவைத் தலைகீழாக அறுத்துவிட்டேன். வரைபடமே பார்க்கத் தெரியாதவன் செய்திருந்தால் அந்தத் தப்பு நடந்திருக்காது. "டிப்ளமா படிச்சு இன்னா குரு பிரயோஜனம்?" என்று ரமேஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். வேறு பலகை வாங்கி வந்து மறுபடி அறுத்தோம்.

பசை பூசுவதற்கு முன்னால், கம்பிகளை முறுக்கிய அன்றைக்கு, தரையில் தட்டையாகக் கிடந்த பலகைகள் எங்கள் கண் முன்னால் எழுந்து, வயிறும் மூக்குமாகப் படகாகிவிட்டன. "ஃபர்ஸ்ட் டைம் தண்ணில எறக்கறப்ப நீயும் நானும் மட்டும்தான். வேற ஒருத்தனும் ஏற மாட்டான். அம்மா மேல சத்தியம்" என்றான் ரமேஷ். நான் சத்தியம் கேட்கவில்லை, அவனேதான் செய்தான்.

அவன் அக்கா ஷாமியானா துணியில் பாய் தைத்துக் கொடுத்தார். பெயின்டும் காய்ந்து எல்லாம் தயாரானபோது ஆயுத பூஜை வந்தது. பண்டிகை கழிந்த ஞாயிறு படகை இறக்குவதாகப் பேச்சு. அதற்குள் வீட்டுக்காரர் போனில் அம்மா பிடித்துக்கொண்டாள்: "தீவாளிக்கு லீவு இல்லேங்கே, பொங்கலுக்கும் இல்லேங்கே. இதுக்காவது வாரியா, இல்ல அங்கேயே கெடக்கப் போறியால?" பெங்களூரில் பிழைக்கிற தமிழர்களுக்கு இது தெரியும். நாலு நாள் லீவு சேர்ந்து வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது யோசித்துச் செய்கிற காரியமில்லை, கால் தானாகப் போகும். ஊரில் அப்பாவிடம் படகைப் பற்றிச் சொன்னேன். "இங்க இத்தாம் பெரிய கடல் கெடக்கு. அதை விட்டுட்டு அங்க போய் ஏரிக்குப் படகு கட்டுதியாக்கும்!" என்றார். அண்ணன் "வாங்க பெங்களூர்க்காரரே" என்று கேலி செய்தான். எனக்குக் கோபமே வரவில்லை. ஜோகுபாளையத்து ஷெட்டில் எனக்கென்று ஒன்று இருக்கிறது என்ற திமிர்.

ஊரிலிருந்து திரும்பியதும் பையோடு நேரே ஜோகுபாளையம்தான் போனேன், கையில் அவர்களுக்கு மக்ரூன் பெட்டி. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் புத்தகத்தையும் அரிவாள்மணையையும் துடைத்துச் சந்தனம் வைத்து, சுண்டல் தின்பதோடு சரி. இங்கே அது வண்டிகளின் திருவிழா. வாழைக்கன்று கட்டாத பஸ் கிடையாது. உடைத்த பூசணிக்காயில் வழுக்காமல் ரோட்டைத் தாண்ட முடியாது. பூஜை போட்ட வண்டியைச் சும்மா நிறுத்தியும் வைக்கக் கூடாது, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கொஞ்ச தூரமாவது ஓட்ட வேண்டும். ஷெட்டில் எங்கள் படகின் மூக்கில் வாடிய செவ்வந்தி மாலை தொங்கியது. குங்குமம் அப்பியிருந்தது. அழகாகத்தான் இருந்தது. பிறகு குனிந்து அடியில் தடவிப் பார்த்தேன். பச்சைப் பாசி கையில் வந்தது.

ஒரு நிமிடம் எனக்கு விளங்கவே இல்லை. ஏற்கெனவே தண்ணீரில் இறக்கிவிட்டிருக்கிறார்கள்! ரமேஷின் அம்மா காபியோடு வந்தார். "வந்துட்டீங்களா தம்பி? பண்டிகை அன்னிக்கு வண்டிக்குப் பூஜை போடாம சும்னே வைக்கக் கூடாது இல்ல? போட்டா கொஞ்சம் ஓட்டணுமே. பாபுவோட லாரி வேற இருந்துச்சு" என்றார். பாபு என்பது ரமேஷின் அக்கா வீட்டுக்காரர். அந்த ஷெட்டில் ஒரு உப்புத்தாளைக்கூடக் கையால் தொட்டிராத மனிதர். அவரும் ரமேஷும்தான் முதலில் ஏறினார்களாம்.

ரமேஷ் வெளியே வந்தான். "சத்தியம் பண்ணியேடா" என்றேன்.

"பேஜார் ஆவாத குரு. நீ ஊருக்குப் போயிட்டே."

"நாலே நாள்தானேடா?"

"பண்டிகைன்னா உனக்கு உன் ஊர் இருக்குது. எங்களுக்கு இதானே ஊரு. நாங்க எங்க போவோம்?" அவன் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான் என்று அன்று பஸ்ஸில் வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். வாசிக்கிற உங்களில் சிலர், அந்த வீடு அவர்களுடையது, பாய் தைத்தது அவன் அக்கா, பண்டிகை வழக்கம் வேறு என்று நியாயம் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஊரை விட்டு வந்த இடத்தில் நாமாகக் கையால் செய்த ஒன்று, நாம் ஊருக்குப் போன நேரம் பார்த்து நம்முடையது இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு என்னையும் அழைத்தார்கள். வரமாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். படகை லாரியில் ஏற்ற ஒரு பக்கம் பிடிக்க ஆள் குறைந்தது, பிடித்தேன், அப்படியே நானும் ஏறிவிட்டேன். ஊருக்கு வெளியே ஓர் ஏரி. குடும்பமே புளியோதரையோடு வந்திருந்தது. ரொம்ப மரியாதையாக என்னைப் படகின் நடுவில் உட்காரவைத்தார்கள். காற்று பாயில் ஏறியதும் படகு ஒரு பக்கம் சாய, நான் பழக்கமே இல்லாமல் கயிற்றைப் பிடிக்கப் போனேன். "சார், அத்த தொடாதீங்க, டேஞ்சர்" என்றார் பாபு. அந்தக் கயிறு போகிற துளையை நான் போட்டேன் ஐயா! கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். படகு நன்றாகவே ஓடியது. அதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இன்னும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

கரைக்குத் திரும்பியதும் போட்டோ என்றார்கள். ஆழமில்லாத இடத்தில் படகை நிறுத்தி, அம்மா, அக்கா, பாபு, பிள்ளைகள், ரமேஷ் எல்லோரும் அதில் நெருக்கியடித்து ஏறினார்கள். "நீங்க எடுங்க சார்" என்று பாபு கேமராவை என்னிடம் நீட்டினார். நான் தண்ணீரில் நின்றேன். படகு நழுவிப் போகாமல் ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் அவர்கள் கேமரா. சட்டத்துக்குள் படகு முழுசாக வந்தது, நான் தைத்த மூட்டுகள்கூடத் தெரிந்தன. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டேன்.

ரமேஷ் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"எல்லாரும் இருக்கோம் குரு. எடு" என்றான்.