டாலிகஞ்ச் தண்டவாளத்து ரயில் பூண்டு

ஞாயிறு காலை 9.20. கொல்கத்தா பவானிபூரில் இருக்கும் என் மளிகைக் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு மெட்ரோ ஏறினேன். டாலிகஞ்சுக்குப் பத்து ரூபாய். காட்டுச் செடிகள் பார்க்கத் தமிழர்கள் பத்துப் பேர் சேர்ந்து கிளம்பியிருந்தோம். கூட்டிப் போனவர் ஓய்வுபெற்ற அதிகாரி. எல்லோருக்கும் அவர் 'சார்'.

9.50. பத்து நிமிட நடையில் லோக்கல் ரயில் பாதை. சரளைக் கல்லும் செங்கல் தூளும் கிடக்கும் காய்ந்த இடம். ரயில் பூண்டுக்கு அது போதும். எலியாமணக்கு என்றும் சொல்வார்கள். காட்டுக் குரோட்டன்தான், ஆனால் வீட்டுத் தொட்டியில் நிற்கும் வண்ண இலைச் செடி மாதிரி இருக்காது. முழங்கால் உயரம், நுனியில் வெள்ளைப் பூக்கதிர். தூரத்தில் துளசியென்றே தோன்றும். துளசித் தண்டு சதுரம், இதன் தண்டு உருளை. இலையைக் கசக்கினால் துளசி மணம் வராது. கிள்ளினால் நீர்த்த பால் கசியும், துளசியில் அது கிடையாது.

"இது காட்டுத் துளசி. இருமலுக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ்," என்றார் சார்.

கிடர்பூரிலிருந்து வந்திருந்த கௌரி உடனே பறிக்க ஆரம்பித்தார். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. ஆறு வயது மகளுக்கு மூன்று வாரமாக இருமல்.

"சார், கிள்ளினா பால் வருது," என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கடைக்காரரே, நீங்க மல்லி எது, புதினா எதுன்னு பாத்துக் குடுங்க. அது போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன்.

11.40. திரும்பும் மெட்ரோவில் கௌரி எதிர் இருக்கையில், மடியில் பையோடு. மூன்று நிலையமும் ஒரே வாக்கியத்தை மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். ஹாஜ்ராவில் இறங்கி, அவர் கிடர்பூர் பஸ்ஸில் காலை வைத்த பிறகுதான் அது வெளியே வந்தது.

"தங்கச்சி, அது துளசி இல்லம்மா."

"அங்கயே சொல்லிருக்கலாம்ல அண்ணே? சாரு படிச்சவரு, அவருக்குத் தெரியாதா?"

பஸ் போய்விட்டது. அவர் நம்பர் என்னிடம் இல்லை. சாரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

1.30. எங்கள் வாட்ஸ்அப் குழு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதில் முதன்முறையாக எழுதினேன்: "கௌரி, அந்த இலையைக் கொடுக்க வேண்டாம். அது ரயில் பூண்டு."

2.15. கௌரியின் பதில் வந்தது. "பாப்பா கஷாயத்த ரெண்டு மடக்கு குடிச்சிட்டா அண்ணே. மூணு தடவ வாந்தி. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டிருக்கோம்."

அதற்குக் கீழே சார்: "பதட்டம் வேண்டாம். சிலருக்குத் துளசி ஒத்துக்காது."

சாயங்காலம் குழந்தை வீடு திரும்பிவிட்டாள். குழுவில் எல்லோரும் சாருக்குக் கைகூப்பு எமோஜி அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் ஊர் கோவில்பட்டி ஸ்டேஷனிலும் தண்டவாளம் நெடுக இந்தச் செடிதான். ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். ஆட்டுக்குப் பேச வாய் இல்லை. எனக்கு இருந்தது.