கோரிஸ் எடுத்த அழுகை

நெலாவின் புருஷன் டொனாட்டுஸ் கடைசிப் படுக்கையில் கிடந்த நாட்களில் ஒரு நாள் சாயங்காலம், அடுத்த வளவில் கல்யாண விருந்து நடந்தது. கடலோர மௌமேரே ஊர்ப் பக்கத்தில் விருந்து என்றால் ஆள் உயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கிப் பாட்டு வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் செபக்கூட்டத்துக்குப் போய் வந்தோம் என்று ஊர் கேலி பேசும். அன்று பாட்டு தொடங்கியதுமே நெலா வீட்டுத் தகரக் கூரை கடகடவென்று ஆடிற்று. படுக்கையருகே இருந்த கோப்பையில் தண்ணீர் நடுங்கிற்று. ஒவ்வொரு இடிக்கும் டொனாட்டுஸின் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் போய் நிறுத்துங்கள் என்று சொல்ல நெலாவுக்கு வாய் வரவில்லை. செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு பாட்டு போயிருக்கும். சட்டென்று கூரை அடங்கிற்று. பாட்டு நிற்கவில்லை. மேளம் கேட்டது, பாடுகிறவள் குரல் கேட்டது, ஆடுகிறவர்கள் சிரிப்பும் கேட்டது. அடியில் கிடந்து இடித்த இடி மட்டும் காணோம். மாதா காது கொடுத்தாள் என்று நெலா சிலுவை போட்டுக்கொண்டாள்.

அது அங்கே பாட்டு வைத்த கோரிஸின் வேலை என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. பெட்டிகளுக்குச் சொந்தக்காரரான யான்சே சந்தையில் வைத்து அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"இடி இல்லாத பாட்டும் உப்பு இல்லாத பன்னிக்கறியும் ஒண்ணுடா. அன்னைக்கு என்னடா ஆச்சு உனக்கு?"

"பெட்டியில ஏதோ கோளாறு முதலாளி" என்றான் கோரிஸ், தலையைச் சொறிந்துகொண்டு.

கோளாறு ஒன்றும் இல்லை. அடுத்து வந்த ஒவ்வொரு பாட்டும் ஒலிக்கும் முன்னே, இடிக்கிற சுரங்களை மட்டும் பாட்டு வைக்கிற டேப்லெட்டில் விரலால் வளைத்துப் பிடித்து அழித்திருக்கிறான். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. நெலாவும் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்டவன் மேல்தான் பிறகு அவளுக்கு அப்படி ஓர் அருவருப்பு வந்தது.

கோரிஸ் முதலில் வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். வண்டி ஒரு நாள் பாலத்தில் இருந்து விழுந்து, அவன் பிழைத்து, வண்டி பிழைக்காமல் போனபின் யான்சேயிடம் சேர்ந்தான். யான்சே அவனிடம் மூலை உடைந்த ஒரு டேப்லெட்டைக் கொடுத்து, "விருந்துக்குப் பாட்டுப் பண்ணு" என்றார். படிப்பு அதிகம் இல்லை. ஆனால் ஒரு மேளத்தை ஒரு தடவை கேட்டால் போதும், டேப்லெட் கண்ணாடி மேல் விரல் வைத்து அதை அப்படியே அடுக்கிவிடுவான். தேங்காய் உரித்துத் தடித்த விரல்கள். ஒரு சுரத்தைத் தொடப் போனால் பக்கத்தில் இருக்கிற மூன்றும் கூட வரும். அதற்காகவே வலது கை சுண்டுவிரல் நகத்தை நீளமாக வளர்த்திருந்தான். "பொண்ணு பார்க்கப் போகும்போது அதை வெட்டிட்டுப் போடா, பயந்துடுவா" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். வெற்றிலை போடுகிற வாய். கண்ணாடியில் எப்போதும் சிவப்பாக ஏதாவது ஒட்டியிருக்கும். சட்டையில் துடைத்துக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் டேப்லெட்டை அரிசிப் பையில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வருவான்.

டொனாட்டுஸ் இறந்தபோது சவப்பெட்டி தூக்கினவர்களில் அவனும் ஒருவன்.

அங்கே பெண்கள் சும்மா அழ மாட்டார்கள், பெட்டியடியில் உட்கார்ந்து பாட்டாக அழுவார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு மெட்டு உண்டு. தூரத்தில் கேட்டாலே இன்னார் வீட்டுப் பெண் அழுகிறாள் என்று சொல்லிவிடலாம். நெலா அழுதது இதுதான்: "எழும்பும் ஐயா எழும்பும், தேங்காய் விழுந்து கிடக்குதே, யார் பொறுக்குவா, யார் பொறுக்குவா." டொனாட்டுஸ் தோப்பில் உழைத்தவர். வேறு எதைச் சொல்லி அழுவாள்? கல்லறைத் திருநாள் வரும்போது மெழுகுதிரி ஏற்றி, அதே மெட்டில் இன்னொரு முறை அழ வேண்டும். செத்தவருக்கு அந்தக் குரல்தான் அடையாளம் என்று பெரியவர்கள் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். அந்த நாளுக்காகத்தான் அவள் அழுகையை அடக்கி வைத்திருந்தாள். சமையலறையில்கூட வாய்விட்டு அழவில்லை.

சில மாதம் கழித்து அவள் தம்பி மகள் கோவிலில் முதன்முதலாக நன்மை வாங்குகிற புதுநன்மை நாள். பிள்ளை வெள்ளை உடுப்பில் தேவதை மாதிரி நின்றாள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, பன்றிக்கறியும் சோறும் தின்று, பனங்கள்ளைக் காய்ச்சி இறக்கின மோக்கே சுற்றி வந்ததும் பாட்டு தொடங்கியது. நெலா கொல்லையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். மூன்றாவதோ நான்காவதோ பாட்டு. மேளம், இடி, பிறகு புல்லாங்குழல்போல ஒரு சத்தம் இழைந்து வந்தது. தட்டைப் பிடித்த கை அப்படியே நின்றது. அவள் அழுகை! புல்லாங்குழலுக்குள் இருந்து வந்தது.

முன்வாசலுக்கு வந்து பார்த்தாள். வரிசை வரிசையாக ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த மெட்டு வரும்போது யாரோ ஒருத்தன், "யார் பொறுக்குவா?" என்று கத்தினான். "நான் பொறுக்குவேன்!" என்று அத்தனை பேரும் குனிந்து, தரையில் தேங்காய் எடுப்பதுபோல் எடுத்து, பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு நிமிர்ந்தார்கள். ஒருத்தன் தனக்கு முன்னால் ஆடின பெண்ணைப் பொறுக்குவதுபோல் பாவனை செய்தான். பெண்ணும் சிரித்தாள். பெட்டி தூக்கினவர்கள் ஆடினார்கள். பெட்டியடியில் அவளோடு உட்கார்ந்து அழுத பெண்கள் ஆடினார்கள். வியர்வை, மோக்கே நாற்றம், வாயோரத்தில் கொழுப்பு. வெள்ளை உடுப்புப் பிள்ளையும் நடுவில் குனிந்து நிமிர்ந்தது.

நெலா கொல்லைக்கு ஓடி, தின்றதையெல்லாம் வாழையடியில் கக்கினாள்.

மறுநாள் யான்சேயின் கொட்டகைக்குப் போனாள். பெட்டிகள் அடுக்கியிருந்தன. கம்பிச் சுருள்களில் யாரோ வாந்தி எடுத்தது காய்ந்து ஒட்டியிருந்தது. மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டாள். கோரிஸ் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"கோரிஸ், நேத்துப் போட்டியே, தேங்காய்ப் பாட்டு. அது யாருடையது?"

"என்னுடையதுதான் அக்கா."

"ஓ. உனக்கு எப்பப்பா புருஷன் செத்தான்?"

அவன் மென்றுகொண்டிருந்த வெற்றிலையை ஓரமாகத் துப்பினான்.

"அக்கா, குரலை எடுக்கலை. மாதா மேல சத்தியமா. போன்லகூடப் பிடிக்கலை. கேட்டது காதிலேயே நின்னுட்டு. ஒரு நாள் சும்மா விரல் வச்சேன், வந்துட்டு. சுரம் மட்டும்தானே. பேச்சு நான் வைக்கலை, அதை அவங்களா சேர்த்துக்கிட்டாங்க."

"சுரம் மட்டும்தானா? காட்டு."

காட்டினான். கறுப்புத் திரையில் பச்சைப் பட்டைகள், சின்னதும் பெரிதுமாக, ஒன்று மேலே ஒன்று கீழே. உயரமாக இருப்பது உச்சக் குரல், நீளமாக இருப்பது இழுத்து அழுத இடம் என்றான். நெலா குனிந்து பார்த்தாள். சீப்பில் ஒட்டின ஈர் மாதிரி இருந்தது. அவள் தலையில் இருந்து வாரி எடுத்து, எல்லாரும் பார்க்கப் பரப்பி வைத்தது மாதிரி.

"இந்த நீட்டுப் பட்டை என்ன?"

"அது... 'யார்' அப்படின்னு இழுத்தீங்கல்ல அக்கா, அது."

"எடு இதை. கல்லறைத் திருநாளுக்கு முன்னால எடுத்துடு. எனக்கு அது வேணும்."

அதற்குள் யான்சே வந்துவிட்டார். அரைக்கால் சட்டை, மேலே ஒன்றும் இல்லை, வயிறு முன்னால் வந்தது.

"வாங்க துவா" என்றார். பெரிய வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற மரியாதைதான், ஆனால் கண் சிரித்தது. "இந்த வருஷம் எந்த விருந்துக்குப் போனாலும் இதைத்தான் கேட்கிறாங்க. நீங்க சந்தோஷப்படணும். சரி, உங்களுக்குப் பிடிக்கலைன்னா ரெண்டு சுரத்தை மாத்திட்டா யாருக்குத் தெரியப்போகுது? கோரிஸ், கொஞ்சம் மேல தூக்கிப் பாரு."

கோரிஸ் விரலை அழுத்திப் பிடித்து ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்கு இழுத்தான். ஒரு கட்டம் விழுந்தது, அதற்குள் இருந்த பட்டையெல்லாம் வெளிறிப்போயின. மொத்தத்தையும் மேலே தள்ளினான். ஒலித்தது. சின்னப் பிள்ளை ஒன்று அவளைப் பார்த்துப் பழித்து அழுவதுபோல் இருந்தது.

"கீழே இறக்கு" என்றார் யான்சே. இறக்கினான். குடிகாரன் முனகினான்.

"முன்னாடி இருக்கிறதைப் பின்னாடி போடு. அதை நீட்டு. இதைக் குறை."

நகத்தால் ஒவ்வொன்றாகப் பிடித்து மாற்றினான். கழுத்து பாதி அறுபட்ட பன்றி கத்தினால் எப்படி இருக்கும், அப்படி வந்தது. ஆனாலும் அதற்குள்ளே அவள்தான் இருந்தாள்.

"எங்க வீட்டுப் பொணத்துக்கு இன்னும் எத்தனை சட்டை மாத்துவீங்க?" என்றாள் நெலா.

கோரிஸ் யான்சேயைப் பார்த்தான். கட்டத்தை மறுபடி இழுத்தான், எதுவும் விடுபடாமல். அழிக்கிற இடத்தில் நகத்தை வைத்தான். பட்டைகள் போயின. திரை கறுப்பாக இருந்தது.

"டேய்! திருப்பிக் கொண்டாடா!"

"கொண்டுவர வழி இருக்கு முதலாளி. நான் கொண்டுவர மாட்டேன்."

"அந்த இடத்துல இனிமே என்னடா வரும்?"

"மேளம் வரும்."

"வெறும் மேளமா?"

"வெறும் மேளம்தான்."

யான்சே பெட்டியை ஓர் உதை உதைத்தார். பாட்டு பண்ண வேறு ஆள் இல்லாததால் அதோடு விட்டார். நெலா நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்குப் போனதும் காலைக் கழுவினாள். கழுவினது போதாமல் இன்னொரு முறை கழுவினாள்.

அடுத்த ஞாயிறு கோவிலுக்குப் பக்கத்து வீட்டில் புதுநன்மை விருந்து. மதியம் நெலா கோவில் பீடத்தில் உறைந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டு தொடங்கியது. மேளம், இடி. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். இடம் வந்தது, வெறும் மேளம் மட்டும் போயிற்று. புல்லாங்குழல் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். அப்பாடா என்று மூச்சுவிட்டாள்.

அந்த மூச்சு முடியவில்லை. ஓர் ஆண்குரல் அந்த வெறும் இடத்துக்குள் அவள் மெட்டை எடுத்து இழுத்தது: "எழும்பும் ஐயா எழும்பும்..." இன்னொரு குரல் சேர்ந்தது. பிறகு எல்லாக் குரலும். விருந்தே பெட்டியடியில் உட்கார்ந்து அழுவதுபோல, சிரித்துக்கொண்டே, ஒருவரை ஒருவர் மிஞ்ச இழுத்து இழுத்து. "யார் பொறுக்குவா?" "நான் பொறுக்குவேன்!"

நெலா வாசலுக்கு வந்தாள். கோரிஸ் எழுந்து ஓடி, பெட்டிகளுக்குப் போகிற பெரிய கம்பியைப் பிடுங்கினதைப் பார்த்தாள். மேளம் செத்தது. ஆட்டம் சாகவில்லை. கையைத் தட்டிக்கொண்டு அவர்களே பாடினார்கள். முன்னைவிட நன்றாகவே பாடினார்கள், வாய் பழகியிருந்தது. யாரோ கோரிஸ் தலையில் மோக்கேயை ஊற்றினான். அவன் துடைக்காமல் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பாடினவர்களில் காலையில் அவள் பக்கத்தில் முழங்காலிட்டு நன்மை வாங்கினவளும் இருந்தாள். கோவில் படியில் நின்ற நெலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆண்டவரின் சரீரத்தை வாங்கின நாக்கு இப்படி நீளுமா என்று நினைத்தாள்.

அன்றைக்கே யான்சே அவனை விரட்டிவிட்டார். டேப்லெட்டும் அவரோடு போயிற்று.

கல்லறைத் திருநாள் வந்தது. நெலா மெழுகுதிரி ஏற்றினாள், பூ வைத்தாள், கல்லறை மேல் கையை வைத்து வாயைத் திறந்தாள். முதல் சொல் வரும் முன்னே காதுக்குள் அத்தனை பேரும் குனிந்து நிமிர்ந்தார்கள். சுற்றிலும் மற்றக் கல்லறைகளில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அவள் எப்போது தொடங்குவாள் என்று ஓரக்கண்ணால் பார்த்ததையும் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். மெழுகுதிரி பாதி உருகும் வரை மனசுக்குள் செபமாலை சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். டொனாட்டுஸுக்கு அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

கொஞ்ச நாளில் கோரிஸ் எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலைக்கு மலேசியா பக்கம் போகிறான் என்று கேள்விப்பட்டாள். கப்பல் ஏறும் நாளில் அவனே வந்தான். நகத்தை வெட்டியிருந்தான். வேலிக்கு வெளியே, தோளில் பையோடு நின்றான். உள்ளே வா என்று அவள் கூப்பிடவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை.

"கல்லறையில உங்களைப் பார்த்தேன் அக்கா" என்றான்.

"பார்த்தியா? அப்ப எல்லாரும் பார்த்திருப்பாங்க."

"எடுத்தவன் நான்தான். என்னைப் பார்த்தா உங்களுக்கு அருவருப்பா இருக்கு, தெரியுது."

"இருக்கு" என்றாள் நெலா. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, "ஆண்டவர் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்" என்றும் சொன்னாள்.

அவன் பையைத் தோள் மாற்றிக்கொண்டான். சாலையில் வண்டிக்காரன் சத்தம் கொடுத்தான். நாலு எட்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சொன்னான்:

"நான் போயிடுவேன் அக்கா. ஆடினவங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க. ஞாயிற்றுக்கிழமை அவங்ககூடத்தான் நீங்க பூசைக்குப் போகணும். எனக்காவது கப்பல் இருக்கு."