குதிரையின் காதைப் பார்ப்பவர்

குதிரைக்காரம்மா ஒரு பெண்ணைக் குதிரையோடு லாயத்துக்குள் தள்ளித் தாழ் போட்டுவிட்டாராம். சாயங்காலம் வரை திறக்கவே இல்லையாம். மாடி வீட்டு அம்மாள் தன் ஓரகத்தியிடம் கேட்டதை என்னிடம் சொன்னார். ஓரகத்திக்கு யார் சொன்னது என்று அவருக்குத் தெரியவில்லை. "நீங்க ஊருக்குப் புதுசு. பொண்ணை அங்க அனுப்புறீங்கன்னு கேள்விப்பட்டேன். சொல்லாம இருந்தா எனக்குத்தான் பாவம்."

அந்தச் சனிக்கிழமையே குதிரைக்காரம்மாவிடம் கேட்டுவிட்டேன். சாணி அள்ளிய தள்ளுவண்டியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

"தாழ் போட்டது நான் இல்லப்பா, அவ. உள்ள இருந்து. நான் வெளிய சாக்கு மேல உக்காந்து, குதிரைக்கு வச்சிருந்த கேரட்டை எல்லாம் தின்னு தீர்த்தேன். பசி வந்ததும் அவளே திறந்துட்டா. உலை வாய்க்கு மூடி இருக்கு, ஊர் வாய்க்கு எங்க போறது?"

டயர் கிடங்குக்குப் பின்னால் இருக்கிறது அவருடைய லாயம். தகரக் கூரை, மணல் கொட்டிய முற்றம், சுற்றிலும் மரவேலி, இரண்டு குதிரைகள். தூங்காத பிள்ளைகள், சாப்பிடாத பிள்ளைகள், பள்ளிக்கூட வாசலில் கால் மரத்துப்போகிற பிள்ளைகள் என்று டாக்டர்கள் இங்கே அனுப்பிவைக்கிறார்கள். சவாரி கிடையாது. கேட்டால், "ராட்டினம் அந்தப் பக்கம்" என்பார். குதிரையைத் தேய்த்துவிடலாம், கயிற்றைப் பிடித்து நடத்தலாம், சும்மா பக்கத்தில் நிற்கலாம். அவ்வளவுதான்.

வயதான பழுப்புக் குதிரைக்குப் பெரியம்மா என்று பெயர். குதிரைக்காரம்மாவுக்கு முழுத்தலையும் நரைத்துவிட்டது. ஆனாலும் பிள்ளைகளுக்கு இவர் அக்காதான். "பெரியம்மா அங்க நிக்குது பாரு, அப்ப நான் அக்கா இல்லாம யாரு?"

யாரையும் நேருக்கு நேர் அணுக மாட்டார். குதிரையிடம் போவதுபோல மனிதர்களிடமும் தோள் பக்கமாகச் சாய்ந்துதான் வருவார். கடைக்காரரிடமும் அப்படித்தான், காசை நீட்டும்போது பார்வை தராசின் மேல் இருக்கும். லாயத்துக்கு முன்பு வெகுகாலம் மனநல வார்டில் நர்ஸாக இருந்தவர். "அங்க எல்லாரும் நேரா வந்து, முகத்துக்கு முன்னால முகத்தை நீட்டி, எப்படிம்மா இருக்கேன்னு கேப்பாங்க. குதிரைகிட்ட அப்படிப் போனா உதைக்கும். பாவம், பிள்ளைங்களால உதைக்கக்கூட முடியாது."

பெற்றோர்கள் உள்ளே வரும்போது போனை அணைத்து, வேலியில் தொங்கும் தீவன வாளியில் போட்டுவிட வேண்டும். அவருடைய போன் மட்டும் சட்டைப்பையில் உரக்க அலறும். எந்தப் பிள்ளை எப்போது கூப்பிடும் என்று சொல்ல முடியாதாம். குதிரைகள் பழகிவிட்டன. எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப் போடுகிறது.

"மூச்சை விடுங்கப்பா. ரிசல்ட் பாக்க வந்தவர் மாதிரி நிக்கிறீங்க. பெரியம்மா காது திரும்புது பாருங்க."

அந்தக் காதுதான் அவருக்கு எல்லாம். பிள்ளை குதிரையைத் தேய்க்கும்போது அவர் பிள்ளையைப் பார்ப்பதில்லை, குதிரையின் காதைப் பார்ப்பார். காது பின்னால் மடங்கினால் பிள்ளைக்குள் ஏதோ புகைகிறது. பக்கவாட்டில் தளர்ந்து, கீழுதடும் தொங்கினால் பிள்ளை நிம்மதியாக இருக்கிறது. "முகம் நடிக்கும்பா. என் முகமே நடிக்கும். அதோட காது நடிக்காது."

பிள்ளைகளுக்கு அவர் வைப்பது பட்டப்பெயர்தான். எதற்கெடுத்தாலும் வாதாடும் என் மகள் 'வக்கீல்'. அவளுக்கு முந்தைய நேரத்துக்கு வருபவள், எந்த வெயிலிலும் சாம்பல் நிறக் கம்பளித் தொப்பியைக் கழற்றாத பெண், 'தொப்பி'. தன்னைத்தானே உள்ளே தாழிட்டுக்கொண்டவள் அவள்தான். பெரியம்மா வைக்கோல் மெல்லும் சத்தத்தைக் கேட்டால் தலைக்குள் பேசிக்கொண்டிருப்பது நின்றுவிடுகிறது என்று ஒருமுறை சொன்னாளாம். போன வாரம் அவள் பெரியம்மாவின் கழுத்தில் முகம் புதைத்து நின்றபோது, அது ஒரு காலைத் தளர்த்தித் தூங்கியே போய்விட்டது. குதிரைக்காரம்மாவுக்கு வாயெல்லாம் பல். வாளியிலிருந்து போனை எடுத்த அவளுடைய அம்மாவிடம், "இன்னிக்குத்தான் புள்ள நல்லா மூச்சு விட்டிருக்கு. கவலையே படாதீங்க" என்றார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

இன்று தொப்பியின் நேரம் தாண்டிவிட்டது. அவள் வரவில்லை. "பஸ் கிடைச்சிருக்காது" என்று பெரியம்மாவின் பிடரியைச் சீவிக்கொண்டிருக்கிறார். என் மகள் காரிலிருந்து பையை எடுத்துக்கொண்டு மெல்ல வருகிறாள். தலையில் சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி.

சீப்பு மணலில் விழுகிறது.

குதிரைக்காரம்மா நேராக நடக்கிறார். தோள் பக்கமாக அல்ல, நேராக, என் மகளின் முகத்துக்கு எதிரே. பின்னால் பெரியம்மா தலையை உயர்த்திக் கனைக்கிறது.

"இது ஏது?"

"அவதான் குடுத்தா அக்கா, போன வாரம் போகும்போது. நீயே வச்சுக்க, இனி எனக்குத் தேவைப்படாதுன்னா. நான் வேணாம்னுதான்..."

"சிரிச்சுட்டே குடுத்தாளா?"

"ஆமா. ஏன்?"

சாக முடிவெடுத்ததும் தன்னுடையதை எல்லாம் கொடுத்துவிட்டு அமைதியாகிவிடுகிற பிள்ளைகளை வார்டில் அவர் பார்த்திருக்கிறார். அந்த அமைதியில் குதிரைகூடத் தூங்கும்.

"நான் காதையே பாத்துட்டு நின்னேன்பா" என்கிறார் என்னிடம். "அவளைப் பாக்கல."

முதலில் தொப்பியின் அம்மாவுக்குப் போன். அவர் வேலையிடத்தில் இருக்கிறார். காலையில் மகள் கதவைத் திறந்து பேசினாளாம், நன்றாகத்தான் இருந்தாளாம். பிறகு குரல் உயர்வது எனக்கே கேட்கிறது. "நீங்கதானே கவலைப்படாதீங்கன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். அதுக்கு அப்புறமா என்னைத் திட்டலாம். இப்ப கீழ் வீட்டுல சாவி இருக்கா? இருக்குல்ல? அவங்களை உடனே மேல போகச் சொல்லுங்க, அவளைத் தனியா விட வேண்டாம். நீங்க கிளம்புங்க. நான் டாக்டர்கிட்ட சொல்லிடறேன். அவளுக்கும் அடிச்சுட்டே இருக்கேன்."

டாக்டரிடம் இரண்டே வாக்கியம். அடுத்து தொப்பியின் எண்.

மணி போகிறது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடிக்கிறார். என் மகள் தொப்பியைக் கழற்றி, உடையும் பொருளைப்போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்கிறாள். மூச்சை விடச் சொல்ல எனக்கு இப்போது ஆள் இல்லை.

குதிரைக்காரம்மா போனின் ஒலிபெருக்கியைப் போடுகிறார். பெரியம்மாவிடம் போய் ஒரு கை வைக்கோலை நீட்டுகிறார். அது தயங்கி, முகர்ந்து, மெல்லத் தொடங்குகிறது. போனை அதன் தாடைக்குக் கீழே கொண்டுபோய்ப் பிடிக்கிறார். அந்தப் பக்கம் எடுத்தால் முதலில் காதில் விழுவது இதுவாக இருக்க வேண்டும்.

மணி அறுந்துபோகிறது. கட்டைவிரலால் மறுபடி அழுத்துகிறார். வாய் காலியாகிவிடக் கூடாது என்று, மற்ற கையால் அடுத்த பிடி வைக்கோலை ஊட்டுகிறார்.